சின்ன யானைக்கு வீட்டிலேயே வெல்டிங்: எந்த மெஷின் வாங்கலாம்?

தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இது. காவேரிப்பட்டணம் பக்கம் வீடு, கையில் ஒரு பழைய சின்ன யானை (டாடா ஏஸ் லோடு வண்டி). தக்காளியும் மாங்காயும் ஏற்றுவதற்காக பாடியின் பக்கவாட்டை ஒன்றரை அடி உயர்த்த வேண்டும், தரைத் தகட்டில் இரண்டு மூன்று இடத்தில் துருப்பிடித்து ஓட்டை, பின்பக்கம் சேஸிஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) ஒரு விரிசல் மாதிரி தெரிகிறது. இரும்பு வாங்குவது போக 20,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் 400 ஆம்ப் மெஷின் எடுக்கச் சொல்கிறார், மாமா தன்னுடைய பழைய ஆயில் மெஷினை எட்டாயிரத்துக்குத் தருகிறார், ஆன்லைனில் கேஸ் இல்லாத மிக் மெஷின் (மெல்லிய ஒயரைத் தானாகத் தள்ளி ஒட்டுவது) ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. மூன்றில் எது என்பது கேள்வி. ஆனால் வரிகளைப் படித்தால் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறொன்று என்று தோன்றுகிறது: வீட்டுக் கரண்டில், புதிதாகக் கற்றுக்கொண்டு, இந்த வேலையில் எவ்வளவு தூரத்தை நானே செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்? அதற்குப் பதில் சொன்னால் மெஷின் எது என்பது தானாக வந்துவிடும்.

நான் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் சில வருஷம் சிஓ2 வெல்டிங், அதாவது கார்பன் டை ஆக்சைடு கேஸ் விட்டுச் செய்யும் மிக் வெல்டிங் செய்தவன். அப்புறம் கிருஷ்ணகிரியில் சொந்தமாக ஷெட் போட்டு லோடு வண்டிகளின் பாடி வேலை பார்க்கிறேன். இரும்பு வேலைக்கு என் சொல்லை நம்பலாம். உங்கள் வண்டியை நான் நேரில் பார்க்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துப் படியுங்கள்.

முதலில் கரண்ட். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, வெறும் கணக்குதான். வீட்டில் இருக்கும் பெரிய பிளக் பாயின்ட் 16 ஆம்ப். 230 வோல்ட்டில் அது தாங்குவது அதிகபட்சம் 3.7 கிலோவாட் அளவுக்குத்தான். வெல்டிங் ஆர்க்கின் வோல்டேஜைக் கணக்கிட ஒரு வழக்கமான வாய்ப்பாடு உண்டு: ஆம்பை 0.04 ஆல் பெருக்கி 20 கூட்ட வேண்டும். 400 ஆம்ப் என்றால் 36 வோல்ட், அதாவது ராடு (உருகி ஒட்டும் வெல்டிங் குச்சி) முனையிலேயே 14 கிலோவாட்டுக்கு மேல். வீட்டு சிங்கிள் பேஸிலிருந்து அது எங்கிருந்து வரும்? அந்த 400 பெட்டியின் மேல் ஒட்டிய எண், அவ்வளவுதான். 200 ஆம்ப் மெஷினைக்கூட வீட்டு லைனில் முழு 200க்கு வைத்து ஓட்ட முடியாது. ஆனால் உங்களுக்கு அது தேவையே இல்லை என்பதுதான் நல்ல செய்தி. நீங்கள் பிடிக்கப்போவது 2.5 மில்லிமீட்டர் ராடு, கடையில் 12 நம்பர் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதற்கு 60 முதல் 90 ஆம்ப் போதும். 80 ஆம்பில் ஓட்டும்போது மெஷினின் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் (வேலைக்குப் பயன்படாமல் கூடுதலாக இழுக்கும் கரண்டின் கணக்கு) சேர்த்துப் பார்த்தால் வீட்டு லைனிலிருந்து 13, 14 ஆம்ப் இழுக்கும். 16 ஆம்ப் பாயின்ட் தாங்கும். கொஞ்சம் தடித்த 10 நம்பர் ராடு, அதாவது 3.15 மில்லிமீட்டர், 120 ஆம்பில் போட்டால் இழுவை இருபதைத் தாண்டிவிடும், அங்கே பிளக் உருகும் வாசனை வரும்.

அதனால் மெஷினுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். 4 ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயர், 25 ஆம்ப் எம்.சி.பி., அதோடு ஒழுங்கான எர்த். மீட்டருக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்பதையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளிருந்து நூறடி எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுத்து வாசலில் வெல்டிங் செய்வதை நம் பக்கம் எல்லா ஊரிலும் பார்க்கிறேன். அந்த ஒயர் 1 ஸ்கொயர் எம்.எம். ஆக இருந்தால் 18 ஆம்ப் ஓடும்போது ஒயரிலேயே இருபது வோல்ட் போய்விடும். சாயங்காலம் ஊருக்குள் வோல்டேஜ் ஏற்கனவே 190க்கு இறங்கியிருக்கும், அதில் இன்னும் இருபது போனால் ராடு ஒட்டிக்கொண்டே இருக்கும், மெஷின் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுவோம். குற்றம் ஒயரில். இன்னொன்று, தோட்டத்து மோட்டார் லைனிலிருந்து எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விவசாய இலவச மின்சாரம் பம்புசெட்டுக்கு மட்டும்தான். அதில் வெல்டிங் போட்டு மாட்டினால் மெஷின் விலையைவிட அபராதம் அதிகமாகிவிடும்.

இப்போது மாமாவின் ஆயில் மெஷின். அதை மட்டமாகச் சொல்ல மாட்டேன், நான் தொழில் பழகியதே அதில்தான். உள்ளே தாமிரச் சுற்றும் எண்ணெயும்தான் இருக்கும், முப்பது வருஷம் உழைக்கும், எரிந்தால் மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர் சுற்றிக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்த மாதிரி மெஷின்கள் பெரும்பாலும் இரண்டு பேஸ் குறுக்கே 415 வோல்ட்டில் ஓடுபவை. உங்கள் வீட்டில் சிங்கிள் பேஸ் என்றால் பேச்சே முடிந்தது. த்ரீ பேஸ் இருந்தாலும் அதன் பவர் ஃபேக்டர் மோசம், நீங்கள் ராடை வைக்கும்போதெல்லாம் தெருவில் லைட் மங்கும். மெல்லிய தகட்டுக்குத் தேவையான குறைந்த ஆம்பில் ஆர்க் நிற்காது. மாமாவிடம் நல்லபடியாகச் சொல்லிவிடுங்கள்.

கேஸ் இல்லாத மிக் பற்றி. மெல்லிய தகட்டுக்கு மிக் சிறந்தது என்பது உறுதி. 1 மில்லிமீட்டர் தகட்டை ராடில் ஒட்டப்போனால் அனுபவமுள்ளவனுக்கே ஓட்டை விழும், 0.8 ஒயர் மிக்கில் புதியவர்கூட ஒட்டிவிடலாம். கேஸ் இல்லாத வகையில் ஒயருக்குள்ளேயே ஃபிளக்ஸ் (உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கும் பொடி) இருப்பதால் சிலிண்டர் வேண்டாம், வெட்டவெளியில் காற்றடித்தாலும் வேலை நடக்கும். ஆனால் அந்த ஒயர் கிலோவுக்கு சாதாரண மிக் ஒயரைவிட விலை அதிகம், பொறி தெறிப்பதும் அதிகம். பெட்டியைப் பிரித்த ஸ்பூல் ஈரக்காற்றில் கிடந்தால் துருப்பிடித்து, ஒயர் போகும் குழாயான லைனரில் சிக்கும். ஓசூர் பக்கம் சிஓ2 சிலிண்டரும் ஒயரும் எளிதாகக் கிடைக்கும், உங்கள் ஊரில் அவசரத்துக்கு ஃபிளக்ஸ் ஒயர் கிடைக்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். என் சந்தேகம் விலை குறைந்த மிக் பெட்டிகளின் மேல்தான். ஒயர் தள்ளும் உருளையும் கியரும் பிளாஸ்டிக்கில் இருந்தால் எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது. ஒன்று இரண்டு வருஷமாக நன்றாக ஓடுவதையும் பார்த்தேன், மூன்றாம் வாரம் என் ஷெட்டுக்கு வந்ததையும் பார்த்தேன். இருபதாயிரம் பட்ஜெட்டில் முக்கால்வாசியை அதில் போடுவதை நான் விரும்பவில்லை.

என் முடிவு இது: சிங்கிள் பேஸ், 200 ஆம்ப் என்று போட்ட, ஐ.ஜி.பி.டி. இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின், அதாவது எலக்ட்ரானிக் போர்டில் ஓடும், ராடு போடும் மெஷின். ஒரு கையில் தூக்கலாம். எட்டு, ஒன்பதாயிரத்துக்குள் ஓரளவு நல்லதாகக் கிடைக்கும். வாங்கும்போது முன்னால் எழுதிய எண்ணைப் பார்க்காமல் பின்னால் ஒட்டியிருக்கும் பிளேட்டைப் படியுங்கள். டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்றால் அந்த ஆம்பில் பத்து நிமிஷத்துக்கு ஆறு நிமிஷம் ஓடலாம், நாலு நிமிஷம் ஆற வேண்டும் என்று அர்த்தம். 200க்கு 60 சதவீதம் உண்மையாகவே இருந்தால் 150 ஆம்ப் வரை நிறுத்தாமல் ஓடும், உங்கள் 80 ஆம்ப் அதற்கு விளையாட்டு. பிளேட்டில் டியூட்டி சைக்கிளே எழுதாத மெஷினை வைத்துவிட்டு வாருங்கள். எவ்வளவு குறைந்த வோல்டேஜ் வரை ஓடும் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், நம் ஊர் சாயங்கால வோல்டேஜுக்கு 170, 180 வரை இறங்கித் தாங்குவது நல்லது. அப்புறம் சர்வீஸ் எங்கே என்று கேளுங்கள். கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ போர்டு மாற்றித் தர ஆள் இருக்கும் கம்பெனி, ஆயிரம் ரூபாய் கூட இருந்தாலும் அதை எடுங்கள்.

மிச்சப் பணம் எங்கே போகிறது என்றால், லைன் இழுக்க மூவாயிரம், தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டும் தோல் கையுறையும் சேர்த்து இரண்டு, இரண்டரை ஆயிரம், நாலு இன்ச் கிரைண்டர் ஒன்று இரண்டரைக்குள், 6013 ராடு (சாதாரண வேலைக்கான ராடு வகை), கட்டிங் வீல், சி கிளாம்ப் என்று ஓர் ஆயிரம். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். புதிதாகச் செய்பவர்கள் மெஷினுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு கறுப்புக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பார்கள். ஒரு கை ராடுக்கு, ஒரு கை கண்ணாடிக்கு என்றால் தகட்டை யார் பிடிப்பது? தானாகக் கறுக்கும் ஹெல்மெட் சொகுசுக்காக வாங்குவதில்லை, ராடு முனை எங்கே தொடப்போகிறது என்று பார்த்துத் தொடுவதற்காக. கற்றுக்கொள்ளும் காலத்தையே அது பாதியாக்கிவிடும் என்பது என் அனுபவம்.

மெஷின் வந்ததும் வண்டியைத் தொடாதீர்கள். பழைய இரும்புக் கடையில் உங்கள் வண்டித் தகட்டின் கனத்திலேயே இரண்டு மூன்று கிலோ துண்டு வாங்கி வந்து ஒரு வாரம் அதில் போடுங்கள். ஆம்ப் சரியாக இருந்தால் எண்ணெயில் வடகம் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் விடாமல் வரும். குறைவாக இருந்தால் விட்டுவிட்டுத் துப்பும், ராடு ஒட்டும். கூடிப்போனால் ஓசை சீறலாக மாறும், தகடு வெள்ளையாகத் தளும்பி ஓட்டை விழும். நன்றாக ஓடிய ஜாயின்ட்டில் ஆறும்போதே ஸ்லாக் (ஒட்டின் மேல் படியும் கசடு) தானாகச் சுருண்டு எழும்பும். கொத்திக் கொத்தி எடுக்க வேண்டியிருந்தால் கையிலோ ஆம்பிலோ கோளாறு. இரண்டு துண்டை டி மாதிரி ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, வைஸில் பிடித்து, ஒட்டு இல்லாத பக்கத்திலிருந்து சுத்தியலால் ஒட்டின் பக்கமாகச் சாயும்வரை அடியுங்கள். தகடு வளைந்தும் ஒட்டு பிரியாமல் இருந்தால் வண்டிக்குப் போகலாம். பிரிந்தால் உள்ளே பாருங்கள், தகட்டின் ஓரம் உருகாமல் அப்படியே கூராக நிற்கும். மேலே அழகாகத் தெரிந்த ஒட்டு உள்ளே பிடிக்கவே இல்லை என்று அப்போது புரியும்.

தரைத் தகட்டு ஓட்டைக்கு 2 மில்லிமீட்டர் துண்டு வையுங்கள், துருவை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு. ராடு பிடிக்கும் ஹோல்டரை மைனஸில் மாட்டினால் மெல்லிய தகட்டுக்குச் சூடு குறையும், 6013 இரண்டு பக்கமும் ஓடும். நீளமாக ஒரே இழுப்பில் போடாமல் ஒரு இன்ச் இங்கே, ஒரு இன்ச் எதிர்மூலையில் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் தகடு அப்பளமாக நெளியும். கால்வனைஸ் செய்த பைப்போ தகடோ என்றால் ஒட்டுமிடத்தில் பூச்சை இரண்டு பக்கமும் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று எங்கள் தொழிலில் காலகாலமாகச் சொல்வார்கள், அதை நம்பி புகைக்குள் உட்காராதீர்கள். காற்றோட்டம்தான் மருந்து.

பக்கவாட்டை உயர்த்துவதற்கு எல்லாமே வெல்டிங்காக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சதுர பைப்பில் சட்டத்தைத் தனியாகத் தரையில் வைத்து ஒட்டி, வண்டி பாடியில் போல்ட் போட்டு மாட்டுங்கள். தனியாகச் செய்தால் கோணம் சரியாக வரும், வண்டியில் மெல்லிய தகட்டை உருக்க வேண்டியதில்லை, வேண்டாதபோது கழற்றலாம்.

வண்டியில் ஒட்டும்போது இரண்டு விஷயத்தில் அலட்சியம் கூடாது. பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் கனெக்‌ஷனையும் சேர்த்து. ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) இருக்கிற புது வண்டி என்றால் அதன் சாக்கெட்டையும். எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் மாட்டுங்கள். ஒரு பையன் முன் பம்பரில் கிளாம்பை மாட்டிவிட்டு பின்னால் ஒட்டினால் கரண்ட் எந்த வழியாகப் போகும்? கிடைத்த வழியில் போகும், அது சக்கர பேரிங்காகவும் இருக்கலாம். பேரிங் குண்டுகளில் பொட்டுப்பொட்டாகக் குழி விழுந்து சில நாளில் ஊளையிடும், காரணம் தெரியாமல் மெக்கானிக்கிடம் அலைவோம். இரண்டாவது, டீசல் டேங்க், டியூப், பிரேக் ஹோஸ், ஒயரிங் எங்கே போகிறது என்று கீழே படுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பழைய தார்ப்பாயையும் கயிறையும் வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, ஒரு வாளி மணலும் ஒரு ஆளும் பக்கத்தில் இருக்கட்டும். முடித்த பிறகு அரைமணி நேரம் அங்கேயே இருங்கள்.

சேஸிஸ். இதை நீங்கள் செய்யக் கூடாது, இதில் நான் தயங்கவே மாட்டேன். பல வருஷத்துக்கு முன் மாங்காய் சீசனில் ஒரு லோடு வண்டிக்கு சேஸிஸின் கீழ்விளிம்பில் பட்டை வைத்து, குறுக்காக, பார்க்கப் பலமாக ஒட்டிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் என் ஒட்டுக்கு ஒரு இன்ச் தள்ளி சேஸிஸ் வாய் பிளந்தது. யாருக்கும் அடிபடவில்லை, லோடை வேறு வண்டிக்கு மாற்றினார்கள். நான் போய்ப் பார்த்தபோது என் ஒட்டு அப்படியே இருந்தது, பக்கத்து இரும்புதான் போயிருந்தது. சேஸிஸ் வளையும்போது அதிக இழுவிசை படுவது விளிம்பில். அங்கே குறுக்கே ஒட்டினால் சூடுபட்ட இரும்பும் பட்டையின் நேர்வெட்டு முனையும் சேர்ந்து புதுவிரிசலுக்கு வழி போட்டுக் கொடுக்கும். சரியான முறையில் விரிசலின் நுனியில் துளையிட்டு, வி வெட்டி, காய வைத்த 7018 ராடில் (பலமான ஒட்டுக்கான ராடு வகை) ஒட்டி, மட்டமாகத் தேய்த்து, முனை சாய்த்து வெட்டிய பட்டையால் பலப்படுத்த வேண்டும். அதைத் தினமும் செய்கிறவர் செய்யட்டும். ராடு, லைன் எல்லாம் போக மிஞ்சும் பணத்தை அதற்கு வையுங்கள், லீஃப் ஸ்பிரிங்கை மட்டும் யார் கேட்டாலும் ஒட்டவே விடாதீர்கள். அது விரிசல்தானா, பெயின்ட் கீறலா என்று உங்களுக்கே தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி உண்டு: பெயின்டைச் சுரண்டி மண்ணெண்ணெய் தடவி, கொஞ்சம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு சுண்ணாம்புக்கட்டியைத் தேயுங்கள். விரிசல் என்றால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையின் மேல் கோடாகத் தெரியும்.

உயர்த்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றளவுக்கு ஒன்றரை அடி உயரத்தில் 1.6 மில்லிமீட்டர் தகடு வைத்தால் தகடு மட்டுமே முப்பது கிலோவுக்கு மேல், சட்டத்தோடு ஐம்பது, அறுபது ஆகும். பழைய சின்ன யானையின் சுமை 750 கிலோ. ஒரு கிரேடு (பிளாஸ்டிக் பெட்டி) தக்காளி 25 கிலோ என்று வைத்தால் முப்பது கிரேடு, அதில் இரண்டு கிரேடை உங்கள் சட்டமே தின்றுவிடுகிறது. அதனால் தகடு வேண்டாம், பைப்பும் வலையும் போதும். இடம் இருக்கிறது என்று நாற்பது கிரேடு அடுக்கினால் அந்தச் சேஸிஸ் விரிசல் எதனால் வந்தது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வரலாம். கழற்றி மாட்டும் பைப் சட்டத்தை எஃப்.சி.யில் (வண்டித் தகுதிச் சோதனையில்) எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் படம் வரைந்து காட்டிக் கேட்டுவிட்டு இரும்பு வாங்குங்கள்.

பாலியஸ்டர் சட்டை, லுங்கி, செருப்பு மூன்றோடும் வெல்டிங் செய்யாதீர்கள், பொறி பட்டால் பாலியஸ்டர் தோலோடு ஒட்டும். ஈரத்தரையில் நின்று ராடு மாற்றாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் முதலில் ஒரு தடுப்பு கட்டுங்கள், ஆர்க்கை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது, நடுராத்திரியில் கண்ணில் மணல் போட்டு அரைத்த மாதிரி எழுந்து அழும். வந்துவிட்டால் எதையும் ஊற்றாமல் கண் டாக்டரிடம் போங்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். தரைத் தகட்டின் ஓட்டை ஓரத்தில், துருவில்லாத நல்ல இடமாக ஒரு சின்னத் துண்டு வெட்டி ஹார்டுவேர் கடையில் வெர்னியரில் அளந்து அந்த எண்ணை எழுதுங்கள். 1.6 அல்லது அதற்கு மேல் என்றால் மேலே சொன்ன ஆர்க் மெஷினை நம்பி வாங்கலாம். 1.2க்குக் கீழே வந்தால் மிக் பற்றிச் சொன்னதை நான் மாற்றிச் சொல்வேன், இல்லையென்றால் அந்த ஓட்டைகளை மட்டும் ரிவெட் அடித்து மூடிவிட்டு சட்டத்துக்கு இதே மெஷினை வைத்துக்கொள்ளலாம்.